தோலில் ஒரு காயம், உளூவில் ஒரு கேள்வி



நெருப்புச் சுட்டால் தோல் கொப்பளிக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். கடுங்குளிர் பட்டாலும் அதே தோல் அதே போலக் கொப்பளிக்கும் என்பதை, எங்கள் காக்காவுக்குச் செய்த உறைநிலைச் சிகிச்சைக்குப் பிறகுதான் எங்கள் குடும்பம் அறிந்துகொண்டது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அந்தக் காயங்களை நாங்கள் பேணினோம். அந்த நாட்களில் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இதை எழுதுகிறோம்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. உடன்பிறந்தோர் நால்வர். லாத்தா மூத்தவர், அவருக்கு அடுத்தவர் காக்கா, கடைசி இருவர் நாங்கள். காக்கா பிறக்கும்போதே பால்வெள்ளைத் தோலும் வெளிறிய முடியும் கூசும் கண்களுமாகப் பிறந்தவர். இதற்கு அல்பினிசம் என்று பெயர். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருகின்ற மெலனின் என்னும் நிறமியை உடல் போதிய அளவில் உண்டாக்காத பிறவி நிலை அது. அது தொழுநோயன்று; வெண்புள்ளியுமன்று. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. ஆனால் இவற்றை ஊருக்குச் சொல்லிச் சொல்லியே உம்மாவின் பாதி ஆயுள் கழிந்தது.

கிரகணத்தில் வெளியே வந்ததால் இப்படி ஆயிற்று என்றார்கள் சிலர். குங்குமப்பூவை அளவு மீறிக் குடித்ததால் என்றார்கள் வேறு சிலர். இன்னும் கொடுமையான பேச்சுகளையும் உம்மா கேட்டிருக்கிறார். அவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை. உண்மை எளியது. இந்த நிலைக்கான மரபணு வாப்பாவிடமும் இருந்தது, உம்மாவிடமும் இருந்தது. இருவருக்கும் வெளியே எந்த அடையாளமும் இல்லை. பெற்றோர் இருவரும் இப்படி ஒரே மரபணுவைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு பிள்ளை அல்பினிசத்துடன் பிறப்பதற்கு உண்டு. வாப்பாவும் உம்மாவும் மாமி மகன், மாமன் மகள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் உம்மாவின் குற்றம் என்று எதுவும் இல்லை. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் சான்றுகளுள் ஒன்று என்று அர்ரூம் அத்தியாயத்தின் 22 ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்தப் பொருளை வாப்பா மர்ஹூம் அவர்கள் காக்காவுக்குச் சிறு வயதிலேயே சொல்லி வளர்த்தார்கள்.

வாப்பாவுக்குக் கொப்பரை வணிகம். பார்வைக் குறைவால் பள்ளிப் படிப்பைத் தொடர இயலாத காக்கா, இளமையிலிருந்தே கொப்பரை காயப்போடும் களத்தைப் பார்த்துக்கொண்டார். களம் என்றால் நிழலே இல்லாத வெட்டவெளி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வெயில் அவர் தோலில் விழுந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மெலனின் ஒரு குடையைப் போலப் புற ஊதாக் கதிர்களைத் தடுத்துக்கொள்கிறது. அந்தக் குடை இல்லாத தோலில் கதிர்கள் நேரே செல்களின் உள்ளே பாய்ந்து மரபணுக்களைச் சிதைக்கின்றன. ஒரு நாள் வெயில் சிவப்பாகித் தணிந்துவிடும். ஆண்டுக்கணக்கான வெயிலின் சேதம் தணிவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது.

அந்தச் சேதம் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. காக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட லாத்தா, அவர் நெற்றியில் ஓரிடம் உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக இருப்பதை உணர்ந்தார். பார்த்தால் வெறும் இளஞ்சிவப்பு; அதன் மேல் காய்ந்த மெல்லிய செதில். செதில் உதிர்ந்தால் சில நாட்களில் மீண்டும் அதே இடத்தில் வந்தது. தடவிப் பார்த்தபோது காது மடலிலும் புறங்கைகளிலும் அதே சொரசொரப்பு. திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

அந்தப் பெண் மருத்துவரும் முதலில் விரலால்தான் பார்த்தார். பிறகு விளக்கினார். இவை வெயில் சேதத்தால் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்னும் புள்ளிகள். இவை புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரு சில மாறக்கூடும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அல்பினிசம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இளம் வயதிலேயே வருகிறது. ஆகவே இவற்றை விட்டுவைக்கக் கூடாது. வலது காது மடலில் இருந்த புள்ளி மட்டும் தடித்திருந்தது. அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நெற்றியில் ஒன்று, இடது காதில் இரண்டு, புறங்கைகளில் மூன்று என்று மற்ற ஆறையும் அன்றே உறைய வைத்தார்.

உறைய வைப்பதற்குப் பயன்படுவது திரவ நைட்ரஜன். அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். எஃகுக் குடுவையின் மூக்கிலிருந்து வெண்புகையாய்ப் பீறிட்ட அந்தக் குளிரை, மருத்துவர் ஒவ்வொரு புள்ளியிலும் சில வினாடிகள் எண்ணிப் பாய்ச்சினார். தோல் பனி படிந்ததைப் போல வெளுத்து இறுகியது. சற்று நேரத்தில் இளகிச் சிவந்தது. கெட்டுப்போன செல்களின் உள்ளே பனிப்படிகங்களை உண்டாக்கி அவற்றை அழிப்பதே இந்தச் சிகிச்சை. “எறும்புக் கடியாகத் தொடங்கி நெருப்புக் கடியாக முடிந்தது” என்றார் காக்கா. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

சிகிச்சை முடிந்தது என்று நாங்கள் எழுந்தபோது மருத்துவர் எங்களை மீண்டும் உட்காரச் சொன்னார். “நான் செய்தது பாதி. மீதியை நீங்கள் வீட்டில் செய்யப் போகிறீர்கள். கழுவுங்கள், தடவுங்கள், மூடுங்கள். இந்த மூன்றைத் தவிர நான்காவதாக எதையும் செய்யாதீர்கள்” என்றார். நாளைக்கு இருமுறை மென்மையான சோப்பும் நீரும் கொண்டு காயத்தை மெல்லக் கழுவ வேண்டும். சுத்தமான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகப் பூச வேண்டும். காயம் காய்ந்து இறுகாமல் ஈரப்பதத்துடன் இருந்தால் விரைவில் ஆறும். துணி உரசும் இடமாகவோ தூசு படும் இடமாகவோ இருந்தால் காயத்தில் ஒட்டாத கட்டுத்துணி வைத்து மூடலாம். வலித்தால் பாராசிட்டமால் போதும். தொடும் முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று எழுதுவது எளிது. மறுநாள் காலையில் காக்காவின் வலது புறங்கையில் கருந்திராட்சை அளவுக்கு ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. உள்ளே நீர் இல்லை, இரத்தம் கோத்திருந்தது. நெற்றியில் எழுந்ததில் தெளிந்த நீர். கண்ணிமை சற்று வீங்கியிருந்தது. உம்மா அதைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டார். அன்று மாலைக்குள் செய்தி தெருவெங்கும் பரவியது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசு என்றார் ஒருவர். பற்பசை பூசினால் எரிச்சல் அடங்கும் என்றார் இன்னொருவர். ஊசியைச் சுட்டுக் குத்தி நீரை எடுத்துவிடு என்றார் மூன்றாமவர். எல்லாரும் அன்பினால்தான் சொன்னார்கள்.

லாத்தா எதையும் மறுத்துப் பேசவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மருத்துவருக்குத் தொலைபேசினார். நெற்றியில் உறைய வைத்தால் கண்ணைச் சுற்றி வீக்கம் வருவது இயல்பு. சில நாட்களில் வடியும் என்றார் மருத்துவர். கொப்புளம் வருவதும் இயல்பு. இரத்தம் கோத்திருப்பதும் அச்சத்துக்குரியதன்று. கொப்புளத்தின் மேல்தோல் அடியில் வளரும் புதுத்தோலுக்கு இறைவன் போட்டுக் கொடுத்திருக்கும் கட்டு. அதைவிடத் தூய்மையான கட்டு எந்தக் கடையிலும் கிடையாது. ஆகவே குத்தாதீர்கள், உரிக்காதீர்கள் என்றார். மிகவும் பெரிதாகித் தாங்க முடியாமல் வலித்தால் தம்மிடம் வந்தால் தூய ஊசியால் நீரை மட்டும் இறக்கிவிட்டு மேல்தோலை அப்படியே விட்டுவிடுவதாகச் சொன்னார். மஞ்சளும் பற்பசையும் சமையலறைக்கும் பல்லுக்கும் உரியவை. திறந்த புண்ணில் அவை எரிச்சலையும் ஒவ்வாமையையும் தொற்றையும் கொண்டுவரக்கூடும் என்றார்.

அடுத்த கேள்வி மருந்தைப் பற்றியதன்று. அதுவே காக்காவை மிகவும் வாட்டிய கேள்வி. நெற்றி, காது, கைகள் என்று உறைய வைத்த இடங்கள் அனைத்தும் உளூவின் நீர் படும் இடங்கள். காக்கா ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர். பத்து நாட்களுக்குத் தண்ணீரே படக்கூடாது, தயம்மும் செய்துகொள் என்று ஒரு உறவினர் உறுதியாகச் சொன்னார். தண்ணீர் எடுக்க முடிந்தவனுக்குத் தயம்மும் ஏது, ஈமான் இருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று இன்னொருவர் அதே உறுதியுடன் சொன்னார். காக்கா எங்களைப் பார்த்து, “இருவரும் தெரிந்தவர்களைப் போலத்தான் பேசுகிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?” என்றார்.

எங்கள் மஹல்லாவின் ஆலிம்சாவிடம் சென்றோம். நாங்கள் சட்டத்தைக் கேட்டோம். அவரோ எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். “தண்ணீர் படுவதைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார்?” காயத்தை இருமுறை கழுவச் சொன்னார் என்றோம். “இருமுறை கழுவச் சொன்னவர் ஐந்துமுறை நனைப்பதையும் ஏற்கிறாரா, தடுக்கிறாரா? அதைக் கேட்டு வாருங்கள். சலுகை இருக்கிறதா என்பதை நான் சொல்வேன். தீங்கு இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

அங்கிருந்தே மருத்துவரை அழைத்தோம். அவர் முஸ்லிம் அல்லர். உளூ என்றால் என்ன, எத்தனை முறை, எந்தெந்த உறுப்புகள் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, “பாய்க்குத் தண்ணீர் பகையில்லை, தேய்ப்பதுதான் பகை. சுத்தமான நீரை மெல்ல ஓடவிடுங்கள். பிறகு ஒற்றி எடுத்து மீண்டும் ஜெல்லி பூசுங்கள். பலரும் கைகால் கழுவும் தேங்கிய நீர் வேண்டாம்” என்றார். அந்தப் பதிலைக் கேட்ட ஆலிம்சாவின் முகம் மலர்ந்தது. அப்படியானால் தயம்முமுக்கு அவசியமே இல்லை, வழக்கம் போல உளூச் செய்யலாம் என்றார். பூசிய ஜெல்லி தடித்த படலமாக இருந்தால் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு நீரை ஓடவிடுமாறு சொன்னார். பள்ளிவாசலின் ஹவுளைத் தவிர்த்து, வீட்டிலேயே குழாய் நீரில் உளூச் செய்துவிட்டுப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

பிறகு அவர் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியிருப்பது அது. ஒரு பயணத்தில் கல் பட்டு ஒருவரின் தலை பிளந்தது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகச் சொல்லி, அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்னும் கருத்தில் வருந்தினார்கள்.

இந்த நிகழ்ச்சியைக் குத்பாக்களில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தலையில் காயத்துடன் காக்கா பக்கத்தில் அமர்ந்திருக்க, அன்று கேட்டபோதுதான் அதன் எடை எங்களுக்கு விளங்கியது. தீர்ப்புச் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர். உடன் பயணம் செய்தவர்கள். மார்க்கத்தின் மீது பற்றுள்ளவர்கள். அறியாமல் கடுமையாகச் சொல்வது ஒரு தவறென்றால், அறியாமல் எளிதாகச் சொல்வதும் தவறுதான். தண்ணீரே வேண்டாம் என்ற உறவினரின் சொல்லைக் காக்கா கேட்டிருந்தால், தேவையில்லாத சலுகையை எடுத்திருப்பார்; அழுக்குச் சேர்ந்து காயமும் கெட்டிருக்கும்.

சலுகை உண்மையிலேயே தேவைப்பட்ட நாளும் வந்தது. ஐந்தாம் நாள், பார்வைக் குறைவால் கதவுத் தாழ்ப்பாளில் கை உரசி, வலது கையின் கொப்புளம் கிழிந்துவிட்டது. அடியில் செக்கச் சிவந்த பச்சைப் புண். மருத்துவர் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, இரண்டு நாட்களுக்கு அதை அவிழ்க்கவோ நனைக்கவோ வேண்டாம் என்றார். எங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. நலமாயிருக்கும் உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, அதனுடன் தயம்மும் செய்துகொள்ளுமாறு ஆலிம்சா காட்டித் தந்தார். அந்தத் தொழுகைகளைப் பிறகு திரும்பத் தொழ வேண்டுமா என்பது கட்டுப் போட்ட இடத்தையும் நிலையையும் பொறுத்தது என்று அதையும் விளக்கினார். ஹனஃபீ மத்ஹபில் கட்டின் மேல் தடவுவதே போதுமானது. வாசகர்கள் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்குச் சொன்ன விதியை உங்கள் காயத்துக்கு அப்படியே எடுத்துவைக்க வேண்டாம்.

ஸஜ்தா இன்னொரு கவலையாக இருந்தது. நெற்றிக் காயம் இடப்புறம், புருவத்துக்கு மேலே ஓரமாக இருந்தது. விரிப்பின் அடியில் துண்டை மடித்து மென்மையாக்கிக்கொண்டு, நெற்றியின் நடுப்பகுதி படுமாறு காக்கா மெல்லத் தலை தாழ்த்தினார். காயம் தரையில் அழுந்தவில்லை. காது மடல்களை மஸ்ஹு செய்யும்போது விரலை அழுத்தாமல் ஈரத்தை மட்டும் தொட்டுவைத்தார். காது தடவுவது சுன்னத்து; வலித்தால் விட்டுவிடலாம் என்று ஆலிம்சா முன்பே சொல்லியிருந்தார்.

முதல் வாரத்தின் முடிவில் கொப்புளங்கள் தாமாக வற்றிக் கருத்த பொருக்குகளாக மாறின. பொருக்கு அரிக்கும், அதைப் பெயர்த்தெடுக்க விரல் துடிக்கும். உறக்கத்தில் சொறிந்துவிடாமலிருக்க நகங்களை ஒட்ட வெட்டி, இரவில் கட்டுத்துணி வைத்துவிட்டோம். நெற்றியின் பொருக்கு பத்தாம் நாள் உளூவின்போது தானே நீரோடு உதிர்ந்தது. காதுகள் இரண்டு வாரமும் கைகள் ஏறத்தாழ மூன்று வாரமும் எடுத்துக்கொண்டன. முகம் விரைவில் ஆறும்; கைகள் தாமதிக்கும்; காலில் செய்தால் இன்னும் தாமதிக்கும்; நீரிழிவு உள்ளவர்களுக்கு மேலும் தாமதிக்கலாம் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

எதற்குப் பதற வேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாட்கள் சிவப்பும் வீக்கமும் வலியும் இருக்கும். பிறகு அவை குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் நாளுக்கு நாள் வலி கூடினாலோ, சிவப்பு காயத்தைத் தாண்டிப் பரவினாலோ, சூடு, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ தொற்று ஏற்பட்டிருக்கலாம்; அன்றே காட்ட வேண்டும். ஆறிய பிறகு அதே இடம் மீண்டும் சொரசொரப்பானாலோ, தடித்தாலோ, ஆறாத புண்ணாக நின்றாலோ, மறுபரிசோதனை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பரிசோதனைக்கு அனுப்பிய வலது காதின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தாம் மற்றெல்லாவற்றையும்விடக் கடினமானவை. உம்மாவின் தஸ்பீஹ் மணி ஓயவில்லை. காக்கா மட்டும் அமைதியாக இருந்தார். “புண்ணைக் காட்டியாயிற்று, துஆவும் செய்தாயிற்று. இனி என் கையில் எது இருக்கிறது?” என்றார். அல்ஹம்துலில்லாஹ், அதில் புற்றுநோய் இல்லை. அந்தப் புள்ளியையும் பிறகு உறைய வைத்து, முன்போலவே பேணி ஆற்றினோம்.

புள்ளியை உறைய வைப்பது வந்துவிட்ட சேதத்துக்கான மருந்து. வரும் சேதத்தைத் தடுப்பது நிழல்தான். காக்கா இப்போது காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் மட்டுமே களத்துக்குப் போகிறார். நாம் அணியும் வட்டத் தொப்பிக்கு விளிம்பு இல்லை. அது காதையும் மூக்கையும் பிடரியையும் மறைப்பதில்லை. எனவே லுஹருக்குப் போகும்போது, நெருக்கமாகப் பின்னிய அகன்ற பனையோலைத் தொப்பியின் உட்புறம் லாத்தா துணி வைத்துத் தைத்துக் கொடுத்ததை அதன் மேல் கவிழ்த்துக்கொள்கிறார். மீன் பிடிக்கப் போகிறீரா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆலிம்சா ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் அந்தத் தொப்பியைத் தம் கையால் வாங்கிப் பத்திரமாக எடுத்துவைத்தார். கேலி அன்றோடு நின்றது.

முழுக்கைச் சட்டையுடன், மறைக்க முடியாத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளது தேவை. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும். சிக்கனமாகத் தொட்டுவைத்தால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். காக்கா உளூவுக்கு முன் அதைக் கழுவி நீக்கிவிட்டு, உளூவுக்குப் பின் புதிதாகப் பூசிக்கொள்கிறார். பகல் தொழுகைகளே அவருக்கு நேரம் காட்டும் கடிகாரமாகிவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கிறார். மாதம் ஒருமுறை லாத்தா விரலால் தடவிப் பார்க்கிறார்.

நம்மில் பெரும்பாலோருக்கு மாநிறத் தோல். இந்த வெயில் புள்ளிகள் நமக்கு அரிது. ஆனால் மருவை நீக்க இதே திரவ நைட்ரஜனை நம் பிள்ளைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். காயத்தைப் பேணும் முறை அதற்கும் இதுதான். ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருங்கள்: நிறம் தரும் செல்கள் மற்றச் செல்களைவிடக் குளிருக்கு எளிதில் மடிகின்றன. எனவே மாநிறத் தோலில் ஆறிய இடம் வெளிறிப்போகலாம். சில வேளை அது நிலைத்தும் விடலாம். முகத்தில் செய்வதற்கு முன் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அல்பினிசத்துடன் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், எங்கள் வேண்டுகோள் இரண்டு. முதல் வெயிலிலிருந்தே அந்தத் தோலை மூடிக் காத்துக்கொள்ளுங்கள். கண்களையும் சிறு வயதிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடம் கிரகணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பேசுபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அறியாமல் சொல்லும் ஒரு சொல் ஒரு காயத்தையும் கெடுக்கும், ஒரு தாயின் உள்ளத்தையும் கெடுக்கும்.

யா அல்லாஹ், நோயுற்ற எங்கள் உறவுகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வாயாக. அறியாததைக் கேட்கும் பணிவை எங்களுக்கும், அறிந்ததைக் கனிவோடு சொல்லும் நல்லோரை எங்கள் ஊர்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.